சிமிலாரிட்டி ரிப்போர்ட்ட யாராவது திறந்து படிங்க

பிஎச்டி தீசிஸ ஏத்துக்குறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர்ல போட்டு, ஏற்கனவே வந்த எழுத்துங்களோட எத்தன சதவீதம் ஒத்துப்போகுதுன்னு பாக்குறதுதான் சிமிலாரிட்டி ரிப்போர்ட். தீசிஸ் சப்மிட் பண்ற சீசன் வந்துட்டா எங்க லைப்ரரில ஸ்காலர்ஸ் கேக்குற மொத கேள்வியும் கடைசி கேள்வியும் ஒண்ணுதான், "மேடம், எத்தன பர்சென்ட் வந்திருக்கு?" எந்தப் பக்கத்துல என்ன மேட்ச் ஆகியிருக்குன்னு கேக்குறவங்க ரொம்ப ரொம்ப கம்மி. கைடும் அதையேதான் கேக்குறாங்க, செக்‌ஷன்ல ஃபைல் வாங்குறவரும் அந்த ஒரு நம்பரத்தான் தேடுறாரு. ரிப்போர்ட் எத்தனையோ பக்கம் வரும், கலர் கலரா ஹைலைட் பண்ணி, எது எங்க இருந்து வந்திருக்குன்னு சோர்ஸ் நம்பர் போட்டு, எல்லாம் இருக்கும். அதுல பாக்கப்படுறது ஒரு பக்கத்துல ஒரு எண். அந்த எண்ண மட்டும் வெச்சு ஒருத்தரோட பல வருச உழைப்ப நல்லது கெட்டதுன்னு முடிவு பண்றது சரியில்லன்னு எனக்கு ரொம்ப உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல இந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும். நிறைய பேரு இது திருட்ட கண்டுபிடிக்குதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. இல்ல. நீங்க குடுக்குற எழுத்த சின்னச் சின்ன துண்டா வெட்டி, வரிசையா வர்ற சில வார்த்தைங்கள ஒரு துண்டா எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் மாதிரி அடையாளம் போட்டு, தன்கிட்ட இருக்குற கோடிக்கணக்கான பக்கங்களோட அடையாளத்தோட ஒப்பிட்டுப் பாக்குது. பொருந்துச்சுன்னா கலர் அடிக்குது. அவ்வளவுதான். அதுக்கு மேற்கோள்னா என்ன, தழுவல்னா என்ன, திருட்டுன்னா என்னன்னு எதுவும் தெரியாது. இந்த மாதிரி சாஃப்ட்வேர விக்கிற டர்னிட்டின் கம்பெனியே தங்களோட விளக்கத்துல நாங்க காட்டுறது ஒற்றுமையத்தான், அது ப்ளேஜியரிசமா, அதாவது எழுத்துத் திருட்டா இல்லையான்னு படிச்சுப் பாத்து ஆசிரியர்தான் முடிவு பண்ணணும்னு சொல்றாங்க. விக்கிறவங்களே இப்படி சொல்லும்போது வாங்குறவங்க ஏன் அந்த நம்பர தீர்ப்பாவே எடுத்துக்கிறோம்?

அதுக்கு ஒரு காரணம் நம்ம விதிமுறையிலயே இருக்கு. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018ல கொண்டு வந்த கல்விசார் நேர்மை விதிமுறைகள்ல தண்டனைய சதவீதக் கணக்குல பிரிச்சுட்டாங்க. 10 சதவீதம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும்னா 6 மாசத்துக்குள்ள திருத்தி திரும்ப குடுக்கணும், 40க்கு மேல 60 வரைக்கும்னா ஒரு வருசத்துக்கு திருத்தின தீசிஸ்கூட குடுக்க முடியாது, 60 தாண்டிட்டா பதிவே ரத்து. ஆசிரியர்களோட பப்ளிகேஷனுக்கும் இதே மாதிரி இன்க்ரிமென்ட் கட், சில வருசம் ஸ்காலர் எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்த காலத்துல எந்த வரம்புமே இல்லாம காப்பி அடிச்சு பட்டம் வாங்கிட்டு இருந்தாங்க, அதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஒன்பதே முக்கால் சதவீதம் முழுக்க ஒரே இடத்துல இருந்து, அதுவும் ரிசல்ட் சாப்டர்ல இருந்து எடுத்ததா இருந்தா அது அப்பட்டமான திருட்டு, ஆனா கணக்குப்படி அது தப்பிச்சுரும். பதினெட்டு சதவீதம் வந்தவரோடது எல்லாமே உறுதிமொழிப் பக்கம், உபகரணம் பேரு, செய்முறை வர்ணனைன்னு அங்கங்க சிதறி இருந்தா அவரு மாட்டிக்குவாரு. இது விடைத்தாள படிக்காம தடிமன தடவிப் பாத்து மார்க் போடுற மாதிரிதான்.

செய்முறைன்னு சொன்னதும் கெமிஸ்ட்ரி ஸ்காலர்ஸ் ஞாபகம் வருது, பாவம் அவங்க. வாங்கின கெமிக்கல்ஸ மேற்கொண்டு சுத்திகரிக்காம அப்படியே பயன்படுத்தினோம்னு ஒரு வரி, உலகத்துல முக்கால்வாசி கெமிஸ்ட்ரி பேப்பர்ல இருக்கும். இதை வேற எப்படி எழுதுறது? எக்ஸ்ரே வெச்சு பொருளோட படிக அமைப்ப பாக்குற எக்ஸ்ஆர்டி எடுத்த மெஷின் மாடல், எந்த கோணத்துல இருந்து எந்த கோணம் வரைக்கும் ஸ்கேன் பண்ணாங்க, எத்தன டிகிரில காய வெச்சாங்க, இதெல்லாம் ஒரே மாதிரி எழுதினாத்தான் இன்னொருத்தர் அதே சோதனைய திரும்ப செஞ்சு பாக்க முடியும். பர்சென்ட் குறைக்கணும்னு இதை சுத்தி வளச்சு எழுத வெக்கிறது அறிவியலுக்கே கெடுதல்.

அடுத்தது சொந்த பேப்பர். தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே ஜர்னல்ல பேப்பர் போடுன்னு சொல்றோம், அவங்களும் கஷ்டப்பட்டு போடுறாங்க, அப்புறம் அதே ஆராய்ச்சிய தீசிஸ்ல நாலாவது சாப்டரா எழுதும்போது சாஃப்ட்வேர் அந்த சாப்டர் முழுக்க சிவப்பா அடிச்சுக் காட்டுது. எழுதினவங்க பேரு ரெண்டுலயும் ஒண்ணுதான்னு அதுக்கு எப்படி தெரியும்? இன்னொண்ணும் நடக்கும், கைடு ஒரு தடவ ட்ராஃப்ட செக் பண்ணி பாப்போம்னு ஒரு இடத்துல போட்டுருப்பாரு, போடும்போது டேட்டாபேஸ்ல சேமிக்காதேங்கிற ஆப்ஷன போட மறந்துட்டா, ஃபைனல் காப்பிய அப்லோட் பண்ணும்போது தன்னோட ட்ராஃப்ட் கூடவே நூத்துக்கு பக்கத்துல மேட்ச் ஆகி நிக்கும். முகமெல்லாம் வெளுத்துப் போயி வருவாங்க. சோர்ஸ் லிஸ்ட்ட திறந்து பாத்தா அஞ்சு நிமிசத்துல புரிஞ்சுரும் விசயம், ஆனா திறந்து பாக்காம எத்தன சதவீதம்னு மட்டும் பாத்து ஸ்காலர திட்டி அனுப்புற துறைங்களும் இருக்கு.

அதே ஃபைல ரெண்டு சாஃப்ட்வேர்ல போட்டா ரெண்டு நம்பர் வரும்ங்கிறதும் பல பேருக்கு தெரியாது. ஒண்ணுகிட்ட காசு கட்டி படிக்க வேண்டிய ஜர்னல் பக்கமெல்லாம் இருக்கும், இன்னொண்ணுகிட்ட இருக்காது. பல்கலைக்கழக லைப்ரரிங்களுக்கு சேவை தர்ற இன்ஃப்ளிப்நெட் மையம் 2019ல ஷோத்சுத்தி திட்டம்னு ஆரம்பிச்சு பல்கலைக்கழகங்களுக்கு மொதல்ல உர்குண்ட்ங்கிற சாஃப்ட்வேர் குடுத்தாங்க, அப்புறம் ட்ரில்பிட் வந்துச்சு. சாஃப்ட்வேர் மாறும்போது அதே எழுத்துக்கு எண்ணும் மாறும், ஆனா 10ங்கிற கோடு மட்டும் மாறாம அங்கேயே நிக்குது. இதுல செட்டிங்ஸ் வேற, நூற்பட்டியல கழிக்கிறோமா, மேற்கோள கழிக்கிறோமா, எத்தன வார்த்தைக்கு கம்மியான மேட்ச விட்டுடுறோம், ஒவ்வொண்ணுக்கும் பர்சென்ட் ஏறும் எறங்கும். யுஜிசி விதிலயே பொதுவா வழங்குற சொற்கள 14 தொடர் வார்த்தை வரைக்கும் விலக்கலாம்னு இருக்கு, அந்த செட்டிங்க போட்டு எடுத்த ரிப்போர்ட்டும் போடாம எடுத்த ரிப்போர்ட்டும் ஒண்ணா?

இப்ப எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விசயத்துக்கு வர்றேன், தமிழ் ஆய்வேடுங்க. இங்க சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட கண்ண கட்டிட்டுதான் நிக்குது, அது யாரையும் உறுத்துற மாதிரியே தெரியல.

அந்த 14 வார்த்தைக் கணக்கயே எடுத்துக்கங்க. தமிழ்ல விகுதி, வேற்றுமை எல்லாம் சொல்லோடயே ஒட்டிக்கும். "செய்யப்படவில்லையென்றாலும்"னு நாம ஒரே வார்த்தையா எழுதுறத இங்கிலீஷ்ல சொல்ல நாலஞ்சு வார்த்தை வேணும். அப்ப தமிழ்ல 14 வார்த்தைன்னா அது சில சமயம் ரெண்டு முழு வாக்கியம். ரெண்டு வாக்கியத்த அப்படியே எடுத்து எழுதினாலும் அது விலக்குக்குள்ள போயிரும். இன்னொரு பக்கம், "வந்துகொண்டிருந்தான்"னு சேத்து எழுதினத "வந்து கொண்டு இருந்தான்"னு பிரிச்சு எழுதிட்டா போதும், வார்த்தை வரிசை ஒடஞ்சுரும், சாஃப்ட்வேருக்கு அது வேற எழுத்து. ஒற்று போட்டா ஒரு வார்த்தை, போடாட்டி வேற வார்த்தை. காப்பி அடிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது பெரிய வசதி, அவங்க மெனக்கெடக்கூட வேணாம், வேற டைப்பிஸ்ட் அடிச்சாலே இந்த வித்தியாசம் தானா வந்துரும்.

ஃபான்ட் பிரச்சினை அதுக்கு மேல. இன்னும் நிறைய டைப்பிங் சென்டர்ல பாமினி மாதிரி பழைய ஃபான்ட்லதான் ஆய்வேடு அடிக்கிறாங்க. ஸ்கிரீன்ல நமக்கு அழகா தமிழ் தெரியும், ஆனா உள்ள ஃபைல்ல இருக்குறது இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும். சாஃப்ட்வேர் அதைத்தான் படிக்குது. இணையத்துல இருக்குற தமிழ் பெரும்பாலும் யூனிகோட், அதாவது தமிழ் எழுத்துக்குன்னே தனி எண் வெச்சு சேமிக்கிற பொது முறை. அப்புறம் எங்க போய் மேட்ச் ஆகும்? ஜீரோ பர்சென்ட், ஒரு பர்சென்ட்னு வரும், துறையில சந்தோசமா சர்டிபிகேட் வாங்கிட்டுப் போவாங்க. அந்த ஜீரோ வந்தாத்தான் நான் பயப்படுவேன். முந்நூறு பக்க தமிழ் ஆய்வேட்டுல ஒரு குறளோ ஒரு நூல் பேரோகூட எங்கயும் பொருந்தலன்னா மெஷின் அதை படிக்கவே இல்லன்னு அர்த்தம்.

யூனிகோட்ல அடிச்சாலும் முழுசா தீராது. பிடிஎஃப் ஆக்கினதுக்கு அப்புறம் எழுத்த திரும்ப உருவி எடுக்கும்போது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு இடம் மாறி வர்றது சாதாரணம். "கொ"ங்கிற எழுத்துல வர்ற குறிய ஒரே குறியாவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், சாஃப்ட்வேர் அதை சரி பண்ணி ஒரே வடிவத்துக்கு கொண்டு வரலன்னா ரெண்டும் வேற வேற. தமிழ் எண் ஏழும் "எ" எழுத்தும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி மாத்தி போட்டா மனுசன் கண்ணுக்கு தெரியாது. இங்கிலீஷ்ல, பாக்க அதே மாதிரி இருக்குற ரஷ்ய எழுத்துங்கள நடுவுல கலந்து ஏமாத்துறத பெரிய சாஃப்ட்வேருங்க இப்ப குறிச்சுக் காட்டுதுங்க. தமிழுக்கு அப்படி யாரு உக்காந்து பாத்திருக்காங்க?

சரி, எல்லாம் ஒழுங்கா படிச்சுருச்சுன்னே வெச்சுக்குவோம். எதோட ஒப்பிடும்? அறுபது எழுபதுகள்ல வந்த எத்தன அருமையான ஆய்வு நூல்கள், ஆராய்ச்சிக் கட்டுரைத் தொகுப்புகள், கருத்தரங்க மலர்கள் எல்லாம் இன்னும் அச்சுலயோ இல்ல ஸ்கேன் பண்ண படமாவோதான் இருக்கு. இந்திய ஆய்வேடுகள இணையத்துல சேத்து வெக்கிற ஷோத்கங்கால ஏத்தியிருக்குற பழைய தமிழ் ஆய்வேடுகள்லயே நிறைய வெறும் படம், உள்ள எழுத்தே கிடையாது. அதுல இருந்து ஒரு சாப்டர தூக்கி வெச்சா எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்காது. இங்கிலீஷ் புத்தகத்துல இருந்து மொழிபெயர்த்து வெச்சாலும் அப்படித்தான், கோட்பாட்டு சாப்டர்ல இது எவ்வளவு நடக்குதுன்னு அந்தத் துறைல இருக்குறவங்களுக்கு நல்லா தெரியும்.

இதுல நேர்மையா எழுதுறவங்க எப்படி மாட்டுறாங்கன்னா, சங்கப் பாட்டு, குறள், உரைப்பகுதி எல்லாம் தமிழ் ஆய்வேட்டுல நடுப்பக்கமா தள்ளி வெச்சு எழுதுறதுதான் மரபு, மேற்கோள் குறி போட மாட்டோம், கீழ நூற்பெயரும் பாடல் எண்ணும் இருக்கும். சாஃப்ட்வேர் மேற்கோள கழிக்கணும்னா பெரும்பாலும் மேற்கோள் குறிய தேடும். அது இல்லன்னா பழைய தமிழ் நூல்கள இணையத்துல வெச்சிருக்குற மதுரைத் திட்டத்துல இருக்குற மூலத்தோட பொருத்திப் பாத்து எல்லாத்தையும் கணக்குல சேத்துரும். புறநானூறு பத்தி ஆய்வு பண்றவங்க புறநானூற மேற்கோள் காட்டாம எப்படி எழுதுவாங்க? பர்சென்ட குறைக்க பாட்டுங்கள எடுத்துருங்கன்னு ஒரு பொண்ணுகிட்ட அவங்க துறைல சொல்லிட்டாங்க, அந்தப் பொண்ணு என் முன்னாடி வந்து எந்தப் பாட்ட எடுக்குறதுன்னு கேட்டுச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. மூலபாடத்த வெட்டிட்டு ஆய்வு எதுக்கு?

இந்த பயம்தான் ஒரு வியாபாரத்தையே வளத்து விட்டிருக்கு. யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்குற கடைங்கள்ல ப்ளேஜியரிசம் குறைச்சு தரப்படும்னு போர்டு வெச்சிருக்காங்க, பக்கத்துக்கு இவ்வளவுன்னு ரேட். அங்க யாரும் ஆராய்ச்சிய புரிஞ்சு திருத்தி எழுதுறதில்ல, ஒரு டூல்ல போட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் வேற வார்த்தைய மாத்தித் தர்றாங்க. இதோட விளைவு உலகம் முழுக்க தெரிய வந்தது 2021ல. கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ்னு மூணு பேரு ஜர்னல்ல வந்த பேப்பருங்கள்ல வினோதமான சொற்றொடர்ங்கள தேடிக் கண்டுபிடிச்சாங்க. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்ங்கிறதுக்கு பதிலா கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ், அதாவது கள்ள உணர்வுன்னு எழுதியிருந்துச்சு. பிக் டேட்டாவுக்கு கொலாசல் இன்ஃபர்மேஷன். மார்பகப் புற்றுநோய்க்கு பூஸம் பெரில், நெஞ்சு ஆபத்துன்னு. இதெல்லாம் சாஃப்ட்வேர்ல மாட்டாம போயி, ரிவியூ தாண்டி அச்சாகி வந்த பேப்பருங்க. மருத்துவம் சம்பந்தப்பட்ட பேப்பர்ல நோயோட பேரே மாறிப் போறது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த வார்த்தைங்கள கண்டுபிடிச்சது, ஒரு வரிய படிச்சு இது என்னடா அர்த்தமே இல்லாம இருக்குன்னு நின்ன மனுசங்கதான், அதுக்கப்புறம்தான் அதே மாதிரி வேற எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர வெச்சு தேடினாங்க.

ஜெர்மனில நடந்ததும் அப்படித்தான். 2011ல அந்த நாட்டு பாதுகாப்பு அமைச்சரா இருந்த கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க் பய்ராய்த் பல்கலைக்கழகத்துல வாங்கின சட்ட டாக்டர் பட்டம் ரத்தாச்சு, மார்ச் 1ம் தேதி பதவிய விட்டே விலகினாரு. அந்த தீசிஸுக்கு மிக உயர்ந்த தரம் குடுத்து பாஸ் பண்ணியிருந்தாங்க. ஆந்த்ரேயாஸ் ஃபிஷர் லெஸ்கானோன்னு ப்ரேமன்ல ஒரு சட்டப் பேராசிரியர் புத்தகமா வந்த அந்த தீசிஸுக்கு மதிப்புரை எழுதப் போறப்போ அதுல இருக்குற வரிங்கள இணையத்துல தேடிப் பாத்தாரு, பத்திரிகைல வந்த கட்டுரை அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் முகம் தெரியாத எத்தனையோ பேரு சேந்து எல்லாரும் சேந்து எழுதுற ஒரு விக்கி வெப்சைட் ஆரம்பிச்சு பக்கம் பக்கமா ஒப்பிட்டு வெளிய போட்டாங்க. தேடுறதுக்கு கம்ப்யூட்டர் உதவிச்சு, அதை நான் மறுக்கல. ஆனா தேடணும்னு தோணினது படிச்சவருக்கு.

பெர்லின்ல டெபோரா வெபர் வுல்ஃப்னு ஒரு பேராசிரியர், 2004ல இருந்து இந்த சாஃப்ட்வேருங்கள பல தடவ சோதிச்சிருக்காங்க. அவங்களும் இன்னும் சில நாட்டு ஆய்வாளர்களும் சேந்து 15 சாஃப்ட்வேர எட்டு மொழில சோதிச்சு 2020ல முடிவ வெளியிட்டாங்க. சிலது ஓரளவு உதவுது, ஆனா எதுவுமே எல்லாத் திருட்டையும் பிடிக்கல, திருட்டே இல்லாதத திருட்டுன்னு காட்டுறதும் நடக்குது, சொல்ல மாத்தி எழுதினாலோ மொழிபெயர்த்தாலோ ரொம்பவே திணறுது. அந்த எட்டுல தமிழோ வேற எந்த இந்திய மொழியோ கிடையாது. நம்ம மொழிக்கு இப்படி ஒரு சோதனைய இங்க இருக்குற தமிழ்த் துறைகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளும் சேந்து பண்ணலாமே, ஒரு பிஎச்டி தலைப்பாவே குடுக்கலாம், ஏன் யாரும் எடுக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ஆதங்கம்.

எழுத்து ஏஐ எழுதினதான்னு சொல்ற ஏஐ டிடெக்டர் பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா இப்ப அந்த பர்சென்டும் ரிப்போர்ட்ல சேந்து வர ஆரம்பிச்சுருச்சு. சிமிலாரிட்டியிலயாவது இந்த வரி இந்த சோர்ஸ்ல இருக்குன்னு காட்டும், நாம போய் பாக்கலாம், வாதாடலாம். ஏஐ ஸ்கோருக்கு அப்படி எந்த ஆதாரமும் கிடையாது, மெஷினுக்கு அப்படி தோணுது, அவ்வளவுதான். சாட்ஜிபிடிய உருவாக்கின ஓபன்ஏஐயே 2023 ஜனவரி கடைசில ஒரு டிடெக்டர் வெளியிட்டு, துல்லியம் போதலன்னு ஜூலைல எடுத்துட்டாங்க. ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தத்தான் அது சரியா பிடிச்சுது, மனுசன் எழுதினதுல 9 சதவீதத்த ஏஐன்னு சொல்லுச்சு. அமெரிக்கால வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட்ல டர்னிட்டினோட ஏஐ டிடெக்டர நிறுத்திட்டாங்க, அவங்க சொன்ன கணக்கு எளிமையானது, 2022ல அவங்க 75,000 பேப்பர் சப்மிட் பண்ணியிருந்தாங்க, கம்பெனி சொல்ற மாதிரி தப்பு 1 சதவீதம்தான்னாலும் 750 பேப்பர் செய்யாத குத்தத்துக்கு மாட்டியிருக்கும். ஸ்டான்ஃபோர்ட்ல 2023ல பண்ண ஆய்வு இன்னும் மோசம், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க எழுதின டோஃபல்ங்கிற இங்கிலீஷ் தேர்வோட 91 கட்டுரைங்கள ஏழு டிடெக்டர்ல போட்டாங்க, சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு வந்துச்சு. சின்ன சின்ன வார்த்தையா, பழகின வாக்கிய அமைப்புல எழுதினா மெஷினுக்கு அது மெஷின் எழுத்து மாதிரி தெரியுது. தமிழ் மீடியத்துல படிச்சு, மொதல் தலைமுறையா பிஎச்டிக்கு வந்து, பயந்து பயந்து இலக்கணம் பாத்து இங்கிலீஷ் எழுதுற எங்க ஸ்காலர்ஸ் எப்படி எழுதுவாங்க? அப்படித்தான் எழுதுவாங்க. அவங்களப் பாத்து நீ ஏஐ வெச்சு எழுதினியான்னு கேக்குறது எவ்வளவு பெரிய அவமானம்.

ஸ்காலர்ஸ் இத படிச்சீங்கன்னா உங்களுக்கு சில விசயம் சொல்லணும். யுஜிசியோட அதே 2018 விதிமுறைல, தப்பு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கப்பட்டு, மேல்முறையீட்டு வழி எல்லாம் முடிஞ்சு, சம்பந்தப்பட்டவருக்கு தன் பக்கத்த சொல்ல போதுமான வாய்ப்பு குடுத்த பிறகுதான் தண்டனைன்னும் இருக்கு. சதவீதத்த எல்லாரும் மனப்பாடமா சொல்றாங்க, இந்தப் பகுதிய யாரும் சொல்றதில்ல. துறை அளவுல ஒரு குழு, நிறுவன அளவுல ஒரு குழு இருக்கணும், துறைக் குழுல வெளித்துறை ஆளு ஒருத்தரும் இந்த மாதிரி டூல் பத்தி நல்லா தெரிஞ்ச ஒருத்தரும் இருக்கணும். உங்க ரிப்போர்ட்ட மொத்தமா பிடிஎஃப்பா கேட்டு வாங்குங்க, நம்பர் மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க. எந்த செட்டிங்ல எடுத்தாங்கன்னு கேளுங்க. சொந்த பேப்பர் மேட்ச் ஆகியிருந்தா அந்தப் பேப்பரோட மொதல் பக்கத்தையும் கைடோட கையெழுத்தையும் வெச்சு அந்த சோர்ஸ கழிக்க சொல்லி எழுதிக் குடுங்க. ட்ராஃப்ட் எல்லாத்தையும் தேதியோட வெச்சிருங்க, ஏஐன்னு யாராவது சொன்னா அதுதான் உங்களுக்கு சாட்சி. கடைக்குப் போயி காசு குடுத்து வார்த்தை மாத்தாதீங்க, உங்க எழுத்துல என்ன மாறியிருக்குன்னு வாய்மொழித் தேர்வான வைவால உங்களுக்கே தெரியாம நிப்பீங்க.

தமிழ் ஆய்வேடு எழுதுறவங்க தயவுசெஞ்சு டைப்பிங் சென்டர்ல மொத நாளே யூனிகோட்ல அடிக்க சொல்லுங்க, செக்கிங்குக்கு பிடிஎஃப் வேணாம், வேர்ட் ஃபைலா குடுங்க, பாட்டுங்களுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்க. ஜீரோ பர்சென்ட் வந்தா அதையும் என்ன மாதிரி லைப்ரரில இருக்குறவங்ககிட்ட சொல்லி, ஃபைல மெஷின் படிச்சுச்சான்னு ஒரு தடவ பாக்க சொல்லுங்க.